மூன்று கத்திகளும் அர்மா என்ற சொல்லும்

“உங்கடை வீட்டுக்கு லத்தீன் சரிவராது பிள்ளை. ரைப்பிங் படி. நாளைக்குச் சோத்துக்கு உதவும்.”

சிட்னியில் நார்த்மீட்டில் இருந்த டொக்டர் அங்கிள் இதைச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய வீட்டில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை தமிழ்ச் சனம் கூடித் தேவாரம் பாடும். அன்றும் பாடி முடித்து எல்லோரும் கையில் தட்டத்தோடு கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ‘உனக்குச் சரிவராது’ என்று அவர் சொல்லியிருக்கலாம். ‘உங்கடை வீட்டுக்கு’ என்றார். அந்த வித்தியாசம் அன்றைக்கே என் காதில் விழுந்தது.

அந்த ஆண்டுகளில் என்னோடு சிட்னியில் வளர்ந்த பெண்களே, இப்போது நாங்கள் எல்லோரும் இருபதைத் தாண்டிவிட்டோம். நீங்கள் அந்த வீட்டு வரவேற்பறையில் என்னோடு ஒரே பாயில் இருந்தவர்கள். ஒரு வசந்தகாலத்தோடு நாங்கள் அங்கே வருவது நின்றுபோனது. ஏன் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அல்லது வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் அப்பாமார் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். என் அப்பா கொழும்பில் ஒரு பறங்கிக் குடும்பத்துக்குச் சமைத்தவர். அந்தக் குடும்பம் ஒஸ்ரேலியாவுக்குக் குடிவந்தபோது, நல்ல சமையல்காரனை விட்டுவிட்டு வர மனமில்லாமல் எங்களையும் பொறுப்பேற்றுக் கூப்பிட்டது. வந்த கொஞ்சக் காலத்திலேயே அந்த வீட்டு ஐயா இறந்துபோனார். அவருடைய மனைவி மகளோடு இருக்க மெல்பேணுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அப்பாவுக்குக் கிடைத்தது ஆடு வெட்டும் தொழிற்சாலையில் தோல் உரிக்கிற வேலை. உங்களிடம் நாங்கள் சொன்னது ‘பக்ரறி வேலை’. யாழ்ப்பாணத்தில் தோல் தொடுகிறவனை எந்த வேலிப் படலையோடு நிறுத்துவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் படலையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் சிலர் அந்த வரவேற்பறையில் இருந்தார்கள்.

சிட்னியின் மேற்கே கிரவீனில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிப்பண்ணை. காற்று அந்தப் பக்கம் இருந்து வந்தால் எங்கள் வீட்டு மணம் யாருக்கும் தெரியாது என்று அம்மா அந்தக் காற்றை விரும்பினார். வேலையால் வரும் அப்பா பின்வளவுக் குழாயடியில் குளிர்காலத்திலும் குளித்து, உடுப்பை அங்கேயே மாற்றிக்கொண்டுதான் வாசல்படி மிதிப்பார். எவ்வளவு குளித்தாலும் கம்பளிக் கொழுப்பின் மணம் போகாது. ஆனால் அந்தக் கொழுப்பு ஊறி ஊறி அவருடைய உள்ளங்கை ஒரு குழந்தையின் கன்னம் போல இருந்தது. அந்தக் கையால் அவர் என் தலையைத் தடவும்போது, இவர் காலை முழுவதும் என்ன செய்தார் என்று நான் நினைக்காமல் இருக்கப் பார்ப்பேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தன் பெயர் எழுதத் தெரியாது. அப்பாவுக்குக் குசினி இங்கிலிஷ் தெரியும். உப்புக் கூட, சூப் ஆறிவிட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டுமா, அவ்வளவுதான். நான் லத்தீன் எடுத்தேன், ஏனென்றால் வகுப்பில் கெட்டிக்காரிகள் எல்லோரும் எடுத்தார்கள். என்னால் முடியாது என்று ஒருவர் சொன்னதும் ஒரு காரணம்.

எங்கள் லத்தீன் ரீச்சர் மெலிந்த, கோபக்காரப் பெண். அடுத்த ஆண்டு வசந்தத்தில், இங்கே நவராத்திரி வருகிற காலம், அவர் கரும்பலகையில் ‘அர்மா’ என்று எழுதினார். ரோமக் கவிஞர்கள் போரைப் பாடத் தொடங்கும்போது கையில் எடுத்த சொல் என்றார். ஆயுதங்கள், போர், அவ்வளவும் உங்களுக்குப் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய், இரண்டு கையாலும் தூக்கவேண்டிய அகராதியைத் திறந்து பார்த்தேன். கேடயம் என்று இருந்தது. உடம்பைக் காக்க உடம்போடு பொருத்திக்கொள்வது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று வெட்டுவது, எறிகிற ஈட்டியும் அம்பும் வேறு சொல். பிறகு போர். பிறகு போருக்குப் போகும் ஆட்கள். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், உழவனுடைய கருவிகள், கப்பலின் கயிறும் பாயும், எந்தத் தொழிலுக்கும் வேண்டிய சாமான்கள். இந்தச் சொல்லுக்கு ஒருமை கிடையாது என்றும் போட்டிருந்தது. ஒரு ஆயுதம் தனியாக ஆயுதம் இல்லைப்போலும் என்று நினைத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, “நாங்களும் கலப்பையையும் ஆயுதம் எண்டுதானே சொல்லுறம். இதிலை என்ன புதினம்?” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, “உவள் சரியான பள்ளிக்கூடத்துக்குத்தான் போறாள்,” என்றார். அதுதான் அவர் என்னைப் பாராட்டிய முறை.

அப்பாவிடம் மூன்று கத்திகள் இருந்தன. அந்தத் தொழிலில் கத்தி தொழிலாளியுடைய சொந்தம். இடுப்புச் சங்கிலியில் தொங்கும் அலுமினிய உறைக்குள் மூன்றும், பக்கத்தில் தீட்டுகிற உருக்குக் கம்பியும் இருக்கும். அதை அவர் வேலைத்தலத்தில் பூட்டி வைத்துவிட்டு வருவார். வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை. ஆடுகள் தலைகீழாகச் சங்கிலியில் தொங்கி வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வெட்டு. அப்பாவுக்கு முன்னங்கால். கால் அசையும், சில நேரம் உதைக்கும். அது உயிர் இல்லை, நரம்பு என்று அவர் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார்.

காலையில் முதல் வெட்டுக்கு முன் அப்பா கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சமையல்காரராக இருந்தபோதும் அப்படித்தான். அங்கே செம்பட்டைத் தலையோடு ஒரு பெரிய ஆள், வரிசைக்கு அவன்தான் பொறுப்பு. அவனுக்கு இது பிடிக்கவில்லை. கத்திக்கு முத்தம் கொடுக்கிறவன் என்று பெயர் வைத்தான். அப்பாவின் சப்பாத்துக்குள் ஆட்டுக் கண்களைப் போட்டு வைத்தான். அப்பா கழுவிப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் சூடான குடலை அவர் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டு எல்லோரையும் கைதட்டச் சொன்னான். கைதட்டினார்களாம்.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் பூசைக்கு முதல்நாள் வியாழக்கிழமை அப்பா நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். குளிக்கவில்லை. இடது கையில் துணி சுற்றியிருந்தது, துணி நனைந்து கறுத்திருந்தது. மூக்கின் இரண்டு துவாரத்திலும் காய்ந்த இரத்தம். அது அவருடையதா ஆட்டினுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றக் கையில் துவாயால் சுற்றிய ஒரு பொட்டலம். அதை மேசையில் வைத்தபோது உலோகம் உரசுகிற சத்தம் கேட்டது.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதைச் சொல்கிறேன். காலையில் அப்பா கத்தியைக் கண்ணில் ஒற்றியபோது செம்பட்டையன் அதைப் பறித்து, அதில் துப்பி, இரத்தம் ஓடுகிற கானுக்குள் எறிந்திருக்கிறான். அப்பா எடுக்கக் குனிந்திருக்கிறார். அவன் பிடரியில் பிடித்து முகத்தைக் கானுக்குள் அமுக்கியிருக்கிறான். அப்பா மூச்சுக்குத் தவித்துக் கையை அடித்தபோது, உள்ளே கிடந்த அவருடைய கத்தியே உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது. சங்கிலி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருவரும் நிற்பாட்டவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அப்பா பின்வளவுக்குப் போனார். குழாயடியில் குந்தியிருந்து கத்திகளைத் தீட்டத் தொடங்கினார். உருக்குக் கம்பியில் கத்தி இழுபடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்பைத் தணித்தார்.

“வெட்டப்போறார். உன்ரை கொப்பர் நாளைக்கு ஆளை வெட்டப்போறார். செருப்பைப் போடு,” என்றார்.

நார்த்மீட்டுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். அங்கே வேறு யாரைத் தெரியும் எங்களுக்கு? டொக்டர் அங்கிள் வந்து நாலு வார்த்தை சொன்னால் அப்பா கேட்பார் என்று அம்மா நம்பினார். அவர்கள் வீட்டில் நவராத்திரிக்கு விளக்கேற்றியிருந்தது. அவருடைய மனைவி, அன்ரி, எங்களை வாசலோடு வைத்தே கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஆட்டுத் தோல், கான், கத்தி, எல்லாவற்றையும். தோல் என்ற சொல் வந்தபோது அன்ரி முந்தானையை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். அங்கிள் கவனமாகக் கேட்டார். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா அவரைக் கும்பிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். அவ்வளவு ஆறுதல்.

வெள்ளிக்கிழமை விடிய அப்பா வேலைக்குப் போகவில்லை. முழுகி, வேட்டி கட்டி, சுவாமிப் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து மூன்று கத்திகளையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு அலகிலும் சந்தனம் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்தார். ஊரிலிருந்து அம்மா தகரப் பேணியில் கொண்டுவந்த குங்குமம், இந்த நாட்டில் அப்போது கிடைக்காதது. ஈரச் சந்தனத்தில் பட்டுச் சிவப்பாக வழிந்தது. பக்கத்தில் என் லத்தீன் புத்தகத்தை வைக்கச் சொன்னார். எனக்கு அன்று பள்ளிக்கூடத்தில் சோதனை, புத்தகம் வேண்டும் என்றேன். பூசையில் வைத்ததை மறுநாள் விடியும்வரை எடுக்கக்கூடாது, தெரிந்ததை எழுது என்றார். அம்மா கடலை அவித்துக்கொண்டிருந்தார். ஆயுதபூசைக்குத்தான் கத்தி வீட்டுக்கு வந்தது என்று அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகுவதை நான் கண்டேன். அங்கிளுக்கு எப்படிச் சொல்லி வரவேண்டாம் என்பது என்று என் காதுக்குள் கேட்டார்.

அங்கிள் வரவில்லை. கதவை உதைத்துக்கொண்டு பொலிஸ் வந்தது.

இரண்டு பேர். ஒருவன் இளையவன், முகமெல்லாம் பரு. அவன்தான் முதலில் கத்திகளைக் கண்டான். சிவப்பைக் கண்டான். அப்பா விளக்குக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். வலது கையில் ஏதோ ஒரு சுள்ளி ஒடிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அப்பா கத்தவில்லை, மூச்சு மட்டும் உள்ளே போனது. அவரை நிலத்தில் விழுத்தி முழங்காலால் அமுக்கியபோது விளக்கு சரிந்து துணியில் எண்ணெய் ஊறியது. குங்குமப் பேணி உருண்டு கொட்டி நிலமெல்லாம் சிவந்தது. என் புத்தகத்தில் சப்பாத்து ஏறியது. அம்மா ஒரு கையில் கடலைச் சட்டியும் மற்றக் கையில் கரண்டியுமாக ஓடிவந்து கரண்டியால் இளையவனின் தலையில் அடித்தார். மற்றவன் அம்மாவைச் சுவரோடு தள்ளினான். கொதித்த கடலைத் தண்ணீர் அம்மாவின் காலில் கொட்டியது.

நான் நிலத்தில் இருந்து குங்குமத்தை அள்ளி என் நெற்றி முழுக்கப் பூசினேன். “இது தூள். இது சாமிக்குப் போடுகிற தூள்,” என்று இங்கிலிஷில் சொன்னேன். ஒரு கத்தியின் அலகைத் தொட்டு அதையும் பூசிக் காட்டினேன். மூத்தவன் விரலால் தொட்டு மணந்து பார்த்தான். விளங்கிவிட்டது என்று அவன் கண்ணில் தெரிந்தது. ஆனாலும், ஒரு டொக்டர் ரெலிபோன் எடுத்திருக்கிறார், எழுதாமல் விட முடியாது என்றான். கத்திகளை அந்த எண்ணெய்த் துணியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டார்கள்.

நானும் அம்மாவும் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் அங்கே இருந்தார். மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். அப்பாவுக்குச் சேட்டும் இல்லை. வலது கை மணிக்கட்டில் வீங்கி நீலமாக இருந்தது. டொக்டர் அந்தக் கையைப் பார்த்தார், தொடவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்தச் செம்பட்டைத் தலையனை வெட்ட நினைத்தாயா? இல்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்பது எனக்குத் தெரிந்தது. ஓம் என்றால் மறியலில் அடைப்பார்கள் என்பதும் தெரிந்தது. அங்கிள் கேள்வியைத் தமிழில் சொன்னார். அப்பா அங்கிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“வெட்டத்தான் நினைச்சனான்.”

மூச்செடுக்கக் கொஞ்சம் நிறுத்தினார். அங்கிள் உடனே சார்ஜன்ட் பக்கம் திரும்பி, வெட்ட நினைத்ததை ஒப்புக்கொள்கிறார் என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டார். சார்ஜன்ட் பேனையை எடுத்தார். அப்பா பேசிக்கொண்டே இருந்தார், தமிழில், மெதுவாக. அதை ஒருவரும் கேட்கவில்லை.

“அவர் இன்னும் முடிக்கவில்லை,” என்றேன் நான் சார்ஜன்டிடம்.

“நீ பேசாமலிரு பிள்ளை,” என்றார் அங்கிள். “பெரிய ஆக்கள் கதைக்கிற இடம்.”

“நீங்கள் பாதிதான் சொன்னனீங்கள் அங்கிள்.”

அவர் என் மேல்கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினார். அந்த அடையாளம் பல நாள் இருந்தது. சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். பள்ளிச் சீருடை, நெற்றியெல்லாம் சிவப்பு. என்ன வகுப்பு என்று கேட்டார். சொன்னேன். மிச்சத்தை நீ சொல் என்றார்.

நான் அப்பாவைத் திரும்ப முதலில் இருந்து சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார்:

“வெட்டத்தான் நினைச்சனான். இரவெல்லாம் அதுதான் நினைப்பு. அதாலைதான் தீட்டிப்போட்டு சாமிக்கு முன்னாலை வைச்சனான். பூசையிலை வைச்சதை விடியும்வரைக்கும் தொடக்கூடாது. தொடமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். எனக்கு அந்த ஒரு நாள் வேணும். ஒரு நாள் கழிஞ்சால் மனிசனுக்குப் புத்தி வரும்.”

நான் ஒரு சொல்லையும் விடவில்லை. வெட்ட நினைத்ததையும் சொன்னேன். அதை ஒளித்திருந்தால் மிச்சத்துக்கு அர்த்தமே இல்லை. என் தந்தை தன் கையைத் தானே கட்டிப்போட்டவர், அதற்கு அவர் வைத்திருந்த ஒரே கயிறு அந்தப் பூசை, அந்தக் கயிற்றை உங்கள் ஆட்கள் உதைத்து அறுத்தார்கள் என்பதை என் பதின்மூன்று வயது இங்கிலிஷில் எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னேன். சார்ஜன்ட் பேனையை மூடினார். அப்பாவைப் பின்னேரம் விட்டார்கள், எச்சரிக்கை செய்து.

கத்திகளை விடவில்லை. அடுத்த கிழமை பள்ளி முடிந்து நான் தனியாகப் போய்க் கேட்டேன். பிறகும் போனேன். கடைசியில், அப்படி ஒரு பொருளும் இங்கே இல்லை என்றார்கள்.

அப்பாவின் வலது பெருவிரலடி எலும்பு கோணலாகப் பொருந்தியது. அவரால் பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை. அதே தொழிற்சாலையில் நிலக்கீழ் அறையில் தோலுக்கு உப்புப் போடும் வேலைக்கு மாற்றினார்கள். உப்பு அவருடைய உள்ளங்கையை வெடிக்க வைத்தது. என் தலையைத் தடவும்போது மயிர் சிக்கும். செம்பட்டையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மேலே, அப்பா கீழே, அவ்வளவுதான்.

டொக்டர் அங்கிள் தான் ஒரு கொலையைத் தடுத்ததாக இன்றுவரை நம்புகிறார். நான் அவரைக் கெட்டவர் என்று எழுதவில்லை. அந்தப் பொலிஸ் மேசைக்கு முன்னால் அப்பாவும் அவரும் ஒரே நிறம் என்று சார்ஜன்டுக்குத் தோன்றிவிடுமோ என்ற பயத்தில் அவர் அவசரப்பட்டார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் பயந்தவர்கள் பாதி வாக்கியத்தில் ஒரு மனிதனை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மா தான் நார்த்மீட் போனதை அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. அப்பா கேட்டதும் இல்லை. அன்ரி எங்களைப் பிறகு வெள்ளிக்கிழமைக்குக் கூப்பிடவில்லை. அது உங்களுக்குத் தெரியும், வெற்றிடமாகிப்போன பாயில் நீங்கள்தான் நகர்ந்து இருந்தீர்கள்.

நான் லத்தீனை விடவில்லை. பல்கலைக்கழகத்திலும் அதைத்தான் படித்தேன். ரீச்சர் பிழை, அப்பா சரி என்று எனக்கு முதலில் காட்டிய பாடத்தை நான் ஏன் விடவேண்டும்?

போன மாதம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் எடுத்துக்கொண்டேன். நேற்றுக் காலை முதல் அழைப்பு வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்து ஒரு தமிழ் மாலுமி, சண்டையில் ஒருவனைக் குத்தியதாக வழக்கு. எழுதுவினைஞர் என்னை மேலே நடைபாதையில் காத்திருக்கச் சொன்னார், கூப்பிடும்போது வந்தால் போதும், ஆளைப் பார்க்கத் தேவையில்லை என்றார். அவருடைய பேச்சை முதலே கேட்டுப் பழக நான் அனுமதி கேட்டேன். அவர் யாரிடமோ கேட்கப் போனார். திரும்பி வர நேரமானது. நான் கீழே அவரை அடைத்திருந்த அறைக்குப் படியிறங்கிப் போய்க் காவலாளியிடம் என் பெயரைச் சொன்னேன், அவர் கதவைத் திறந்தார். அந்த மனிதர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குந்தியிருந்தார். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு முன்னால் இருந்து, “அண்ணை, இரவு ஏதும் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டேன்.